நுங்கு நோண்டும் விரலும் ஜெல் பாலிஷும்

வெயில் காலத்தில் நகப் பராமரிப்பு பற்றி வாசகிகள் கேட்ட கேள்விகளுக்கு, 22 ஆண்டுகளாக பார்லர் நடத்திவரும் அழகுக்கலை நிபுணரின் பதில்கள்.

கேள்வி: மேடம், மே மாசக் கடைசியில் என் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். ஒத்திகை மாதிரி இருக்கட்டும் என்று ஏப்ரலிலேயே பார்லரில் ஜெல் மெனிக்யூர் செய்துகொண்டேன். வெளிர் ரோஸ் நிறம். ‘மூன்று வாரத்துக்கு அசையாது’ என்றார்கள். எட்டாம் நாளே ஓரம் கிளம்பிவிட்டது. நிறமும் மஞ்சளடித்துப் போனது. வலது கட்டைவிரலில் தூக்கிக்கொண்டு நின்றதை உரித்து எடுத்தேன். கூடவே நகத்தின் மேல்பக்கமும் செதில் செதிலாக வந்துவிட்டது. இப்போது அந்த நகம் காகிதம் மாதிரி வளைகிறது, சுடுதண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது. வெயில் தாங்காமல்தான் இப்படி ஆகிறது என்கிறாள் மகள். வெயில் காலத்தில் மெனிக்யூரே செய்யக் கூடாதா? கல்யாணத்துக்குள் என் நகம் சரியாகிவிடுமா?
– ஒரு வாசகி, உறையூர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முழுசாகச் சரியாகாது. கை நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும். அடியிலிருந்து நுனிவரை ஒரு நகம் புதிதாக மாற ஆறு மாதம் பிடிக்கும். தோலில் காயம் பட்டால் ஆறி மூடிக்கொள்கிறது. நகத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. நம் கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரில்லாத பொருள். உரித்தபோது போன அடுக்கு போனதுதான். அடியிலிருந்து புது நகம் வந்து மெலிந்த பகுதியை நுனிக்குத் தள்ளித் தள்ளி, நீங்கள் அதை வெட்டி எறியும் வரை காத்திருக்க வேண்டும். கல்யாணத்தன்றைக்கு மறைக்க வழி இருக்கிறது, பிறகு வருகிறேன்.

வெயிலைக் குற்றம் சொல்லும் உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள்: வெயில் பத்து விரலிலும்தானே பட்டது, வலது கட்டைவிரல் மட்டும் என்ன பாவம் செய்தது? கோடையில் வலது கட்டைவிரல் நகம் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, ‘நுங்கு சாப்பிட்டீங்களா?’ பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும்.

நுங்கு சாப்பிடும் விதத்தை நினைத்துப் பாருங்கள். சீவிய காயின் கண்ணில் கட்டைவிரலை விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, நகத்தின் நுனியால் நுங்கை ஓட்டோரத்திலிருந்து நெம்பி எடுக்கிறோம். அந்த நேரத்தில் நகம் கடப்பாரை வேலை பார்க்கிறது. வெறும் நகமாக இருந்தால் வளைந்து கொடுத்துப் பிழைத்துக்கொள்ளும். மேலே ஜெல் பூசியிருந்தால் நகம் வளைகிற அளவுக்கு ஜெல் வளையாது. இரண்டுக்கும் நடுவே, நுனியில், ஒரு முடியிழை அகலத்துக்கு இடைவெளி விழும். அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த நாலு நாளில் குளிக்கும்போதும் பாத்திரம் தேய்க்கும்போதும் அந்த இடைவெளியில் தண்ணீர் ஏறி, ஓரம் தலைமுடியில் மாட்டத் தொடங்கும்போதுதான் தெரியும். பலாச்சுளை பிரிப்பதும், டப்பா மூடியை நகத்தால் நெம்புவதும், ஸ்டிக்கரைச் சுரண்டுவதும் இதே ரகம்தான். நுங்கைச் சாப்பிடாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனசு வராது. கடைக்காரரிடமே எடுத்துத் தரச் சொல்லுங்கள், இல்லை ஒரு சின்ன கரண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த குற்றவாளி தண்ணீர். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நகத்தில் எண்ணெய்ப் பசை மிகக் குறைவு. அதனால் தோலைவிட வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும், அதே வேகத்தில் விட்டும்விடும். உறிஞ்சும்போது கொஞ்சம் உப்பும், காயும்போது சுருங்கும். கோடையில் நம் வீட்டுப் பெண்களின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். ரெண்டு வேளைக் குளியல், நாலைந்து தடவை முகம் கழுவுதல், மூன்று வேளைப் பாத்திரம், வடாம் மாவு கிளறிய அடுப்படியைத் துடைத்தல், ஏர் கூலருக்குத் தண்ணீர் ஊற்றுதல். ஒவ்வொன்றுக்கும் பிறகு காற்றில் காய்கிறது, இல்லை ஏசி அறையில் காய்கிறது. ஒரு நாளைக்கு இருபது தடவை உப்பிச் சுருங்கும் ஒரு பலகைமேல் பெயின்ட் அடித்தால் நிற்குமா? நகமே அடுக்கடுக்காகப் பிளப்பதற்கும் இதுதான் காரணம். திருச்சி, கரூர், வேலூர் பக்கத்து வெயில் காய்ந்த வெயில். நனைந்த நகம் அங்கே மடமடவென்று காயும், மடமடவென்று பிளக்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் கதை வேறு. அங்கே ஈரம் காயாமல் தங்குவதுதான் தொல்லை. அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

ஆகவே பாத்திரம் தேய்க்கக் கையுறை போடுங்கள். ரப்பர் கையுறைக்குள் இந்தப் புழுக்கத்தில் வியர்த்து ஊறும் என்பது உண்மைதான். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்று போட்டுக்கொண்டு, கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் கழற்றிவிட்டால் பிரச்சினை இல்லை. கை கழுவியதும் துண்டால் விரல்விரலாக ஒற்றித் துடையுங்கள், முந்தானையில் ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகாதீர்கள். இரவு படுக்கும் முன் நகத்திலும் நகத்தைச் சுற்றியும் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேயுங்கள். வாசலின் அதைவிடவும் நன்றாக ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஐந்நூறு ரூபாய்க்கு ‘க்யூட்டிகிள் ஆயில்’ விற்கிறார்கள். வாசனை நன்றாக இருக்கும்.

பார்லர் பக்கமும் ஒரு தவறு நடந்திருக்கலாம். வழக்கமான மெனிக்யூரில் வெதுவெதுப்பான தண்ணீரில் கையைப் பத்து நிமிடம் ஊற வைப்பார்கள் இல்லையா? சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஊறி உப்பிய நகத்தின் மேலேயே ஜெல் பூசினால், நகம் காய்ந்து சுருங்கும்போது ஜெல்லின் பிடி தளர்ந்துவிடும். ஜெல் போட்டுக்கொள்வதாக இருந்தால் கையை ஊறவைக்காத ‘ட்ரை மெனிக்யூர்’ கேளுங்கள். பூசும்போது நகத்தின் நுனி விளிம்பையும் மூடிப் பூசுகிறார்களா என்று பாருங்கள். அந்த விளிம்பு திறந்திருந்தால் தண்ணீருக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி.

மஞ்சளடித்ததற்கு வருவோம். ரோஸ், வெள்ளை, க்ரீம் நிறங்களைக் கெடுப்பது நம் சாம்பாரும் குழம்பும்தான். மஞ்சளில் நிறம் தரும் குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும். அதனால்தான் சோப்புப் போட்டு எத்தனை தடவை கழுவினாலும் போவதில்லை. ஜெல் பாலிஷ் என்றால், பஞ்சில் கொஞ்சம் சானிடைசர் தொட்டுச் சட்டென்று ஒரு துடை துடையுங்கள், பெரும்பாலும் விட்டுவிடும். சாதாரண பாலிஷில் இதைச் செய்யாதீர்கள், பளபளப்பு போய்விடும். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் ஒன்றிரண்டு நாளில் தானாகவும் கொஞ்சம் வெளுக்கும். பாருங்கள், நீங்கள் பழி போட்ட வெயில் இங்கே உங்கள் கட்சி. கையில் பூசும் சில சன்ஸ்க்ரீன்களும் வெளிர் நிறத்தை மஞ்சளாக்கும். அதற்காகச் சன்ஸ்க்ரீனை விட வேண்டாம். பூசிய பிறகு நகத்தை மட்டும் ஒரு ஈரத் துணியால் துடைத்துவிட்டால் சரி.

உரித்ததற்குத்தான் உங்களை மன்னிக்க மனசு வரவில்லை. ஜெல் தூக்கிக்கொண்டு நின்றால் கை சும்மா இருக்காது, தெரியும். ஆனால் ஒரு பக்கம் கிளம்பிய ஜெல் மறுபக்கம் நகத்தைக் கெட்டியாகப் பிடித்திருக்கும். இழுத்தால் நகத்தின் அடுக்கோடுதான் வரும். அடுத்த முறை இப்படிச் செய்யுங்கள். மேல் பளபளப்பை ஃபைலால் லேசாகத் தேயுங்கள். நகத்தைச் சுற்றி வாசலின் தடவிக்கொண்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின் மேல் வைத்து, அலுமினியத் தாளால் சுற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். அதற்குள் ஜெல் சுருண்டு கிளம்பியிருக்கும், மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் வந்துவிடும். வரவில்லை என்றால் மறுபடி சுற்றுங்கள், சுரண்டாதீர்கள். ஒன்று முக்கியம்: அசிட்டோன் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். அடுப்படியிலோ, பூஜை அறை விளக்குக்குப் பக்கத்திலோ உட்கார்ந்து இதைச் செய்ய வேண்டாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இனி கல்யாணம். கட்டைவிரல் நகத்தை இன்றைக்கே ஒட்ட வெட்டிவிடுங்கள். நீளம் குறைந்தால் வளைவதும் குறையும். மற்ற நகங்களையும் அதே அளவுக்கு வெட்டி, காய்ந்த நகத்தில், ஒரே திசையில் ஃபைல் பண்ணுங்கள். முன்னும் பின்னும் ரம்பம் அறுப்பது போல் தேய்த்தால் நுனி பிரியும். அந்த ஒரு விரலுக்கு ஜெல்லும் வேண்டாம், பசை போட்டு ஒட்டும் செயற்கை நகமும் வேண்டாம். பேஸ் கோட் பூசி, மேலே சாதாரண பாலிஷ் இரண்டு மெல்லிய கோட், பிறகு டாப் கோட். மற்ற ஒன்பதுக்கும் அதே நிறத்தில் ஜெல் போட்டால்கூட மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. நலங்கு முடிந்த பிறகு மெனிக்யூர் வைத்துக்கொள்ளுங்கள். நலங்கு மஞ்சளில் கை விட்டால் எந்த வெளிர் நிறமும் தப்பாது. நாள் தோதுப்படவில்லை என்றால் மெரூனோ அரக்கோ பூசுங்கள், மஞ்சள் தெரியாது.

கேள்வி: ஜெல் பாலிஷ் ஒரு ஓரத்தில் லேசாகத் தூக்கியிருந்தது. வேலை மும்முரத்தில் கவனிக்கவில்லை. மூன்று வாரம் கழித்து எடுத்தபோது நகத்தில் பச்சையாக ஒரு திட்டு. பார்லர் பெண், ‘பூஞ்சை, மேலே டார்க் கலர் போட்டு மறைத்துவிடலாம்’ என்கிறார். வலி எதுவும் இல்லை. மறைக்கலாமா?
– ஒரு வாசகி, திருவொற்றியூர்

பதில்: மறைக்கக் கூடாது. அவர் சொன்னபடி அது பூஞ்சையாக இருக்கவும் வாய்ப்புக் குறைவு. பச்சைத் திட்டு பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. அந்தப் பச்சை நிறத்தை உண்டாக்குவதே அதுதான். ஈரம் தங்கும் இடம் கிடைத்தால் குடியேறும். தூக்கிய ஜெல்லுக்கும் நகத்துக்கும் நடுவிலுள்ள சந்து அதற்கு வாடகை இல்லாத வீடு. கடற்கரை ஊர்ப் புழுக்கத்தில், வியர்த்த கையோடு மூன்று வாரம் என்றால் கேட்க வேண்டுமா?

மேலே எதையும் பூசாமல் நகத்தைத் திறந்து விட்டு, ஈரம் படாமல் வைத்திருங்கள். தோல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். நகம் படுக்கையிலிருந்து பிரிந்திருந்தால் பிரிந்த பகுதியை வெட்டி, மருந்து தருவார். கறை உடனே போகாது, நகம் வளர வளரத்தான் போகும். பச்சை இன்னும் தெரிகிறதே என்று பயந்து மருந்தை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். அதுவரை சமைக்கும்போது, நோயாளிகளைத் தொடும்போது அந்த விரலைப் பற்றி நினைவு இருக்கட்டும்.

ஜெல் எந்த ஓரத்தில் தூக்கினாலும் அன்றைக்கே முறையாக எடுத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரு வாரம் ஓட்டலாம்’ என்பது பணம் கொடுத்தவர்களின் மனசு, எனக்கும் புரிகிறது. ஆயினும் ஓட்டாதீர்கள்.

கேள்வி: வெயிலில் நகமும் விரல்களும் கறுத்துவிட்டன. எலுமிச்சம் பழத் தோலைத் தேய்த்தால் வெளுக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னதால் தினமும் தேய்க்கிறேன். இப்போது நகத்தைச் சுற்றித் திட்டுத் திட்டாக இன்னும் கறுப்பாக இருக்கிறது. ஒரு விரலில் நகச்சுத்து வேறு வந்திருக்கிறது. அதற்கும் எலுமிச்சம் பழம் செருகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: எலுமிச்சையை உடனே நிறுத்துங்கள். எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள சில பொருள்கள் தோலில் இருக்கும்போது வெயில் பட்டால், வெயிலோடு சேர்ந்து தோலைப் பொசுக்கும். சிலருக்குக் கொப்புளமே வரும். ஆறிய பின் கரும்பழுப்புத் திட்டுகள் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நிற்கும். நீங்கள் வெளுக்க வைத்த மருந்துதான் கறுக்க வைத்திருக்கிறது. மொட்டை மாடியில் நின்று நூறு எலுமிச்சம் பழம் பிழிந்து ஊறுகாய் போடுகிறவர்களுக்கும், வெயிலில் தள்ளுவண்டி நிறுத்தி ஜூஸ் பிழிகிறவர்களுக்கும் இது வரும். பிழிந்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலில் போனால் ஒன்றும் ஆகாது. எலுமிச்சைச் சாற்றைக் குடியுங்கள், பூசாதீர்கள்.

நகச்சுத்துக்குப் பழம் செருகுவது எங்கள் வீட்டிலும் உண்டு. எங்கள் பாட்டி, பழத்தின் நுனியைச் சீவி, விரல் நுழையும் அளவுக்குக் குடைந்து, தொப்பி மாதிரி மாட்டிவிடுவார். குளிர்ச்சியாக இருக்கும், விரல் எதிலும் இடிபடாது என்பது என்னவோ நிஜம். ஆனால் உள்ளே சீழ் கட்டியிருந்தால் பழத்தால் அது வெளியே வராது. ஊசி முனையால் நீங்களே குத்துவது அதைவிட மோசம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை விரலை வைத்து எடுத்துத் துடையுங்கள். விண்விண் என்று தெறித்தாலோ, சீழ் தெரிந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ, ஒரு நாள்கூடத் தள்ளாமல் மருத்துவரிடம் போங்கள்.

நகச்சுத்து ஏன் வருகிறது தெரியுமா? நகத்தின் அடியில், தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தில் மெல்லிய சவ்வு மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் க்யூட்டிகிள். ஜாடி மூடியின் ரப்பர் வளையம் மாதிரி, அழுக்கும் கிருமியும் உள்ளே போகாமல் அடைத்து வைப்பது அதன் வேலை. மெனிக்யூர் என்ற பெயரில் அதைத்தான் முதலில் வெட்டி எறிகிறார்கள். நானும் வெட்டியிருக்கிறேன். தொழில் பழகிய முதல் வருஷம், ஒரு கல்யாணப் பெண்ணுக்கு ‘நீட்டாக’ இருக்கட்டும் என்று பத்து விரலிலும் ரத்தம் கசியும் அளவுக்கு வெட்டிவிட்டேன். மறுவீட்டுக்குப் போன இடத்தில் அந்தப் பெண்ணுக்கு மூன்று விரலில் நகச்சுத்து. அவள் அம்மா வந்து என் முன்னால் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதற்குப் பிறகு நான் அந்தக் கத்தரியை யார் கையிலும் வைத்ததில்லை. குளித்து முடித்ததும், ஊறியிருக்கும்போதே, துண்டால் மெதுவாகப் பின்னுக்குத் தள்ளினால் போதும். பார்லரில் வெட்ட வந்தால் கையை இழுத்துக்கொள்ளுங்கள். கருவிகளைக் கொதிக்க வைத்தார்களா, முன்னால் வந்தவருக்குப் பயன்படுத்திய ஃபைலையே எடுக்கிறார்களா என்று கேட்கவும் கூச்சப்படாதீர்கள். ஒரு ஃபைலும் நெயில் கட்டரும் சொந்தமாக வாங்கிக் கையோடு கொண்டு போனால் இன்னும் உத்தமம்.

கேள்வி: ஜெல் பாலிஷ் காய வைக்கும் யூவி விளக்கால் புற்றுநோய் வரும் என்று தோழிகள் பயமுறுத்துகிறார்கள். வெயிலிலும் அதே யூவி இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?
– ஒரு கல்லூரி மாணவி, கோவை

பதில்: தோழிகள் சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. 2023இல் அமெரிக்காவின் சான் டியேகோவிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த விளக்கொளியைச் செல்களின் மேல் பாய்ச்சிப் பார்த்தார்கள். ஒரே தடவையில் 20 நிமிடம் காட்டியபோது 20 முதல் 30 விழுக்காடு வரை செல்கள் செத்தன, தப்பிய செல்களின் மரபணுவிலும் சேதம் இருந்தது. ஆனால் அது கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்த சோதனை. உங்கள் விரலில் அந்தச் செல்களுக்கு மேலே செத்த தோலும் நகமும் கவசமாக இருக்கின்றன, பார்லரில் விளக்குக்குள் கை இருப்பதும் அத்தனை நேரம் இல்லை. ஆகவே ஒரு கல்யாணத்துக்கு, ஒரு தீபாவளிக்கு என்று போட்டுக்கொள்வதற்குப் பயப்பட வேண்டாம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை வருஷம் முழுக்கப் போடுகிறவர்கள் யோசிக்கலாம். எப்படிப் போட்டாலும், கால் மணி நேரம் முன்னதாகக் கையில் சன்ஸ்க்ரீன் பூசிக்கொள்ளுங்கள், இல்லை நுனி விரல் வெட்டிய கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சன்ஸ்க்ரீன் நகத்தில் படாமல் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜெல் ஒட்டாது.

என்னைக் கேட்டால் விளக்கைவிட ஜெல்லுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். காயாத ஜெல் தோலில் பட்டுப் பட்டு அலர்ஜி வந்தவர்கள் எனக்கே தெரிந்து ஏழெட்டுப் பேர். விரல் நுனி வெடித்து அரிக்கும். அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் இமை தடிக்கும். ஒரு முறை வந்துவிட்டால் போகாது. பிற்காலத்தில் பல் அடைக்கும் பசை போன்றவையும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஹெமா என்ற பொருள்தான் இதில் முக்கியப் புள்ளி. அது கலந்த பூச்சைத் தொழில் தெரிந்தவர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் பாட்டிலிலேயே அச்சிட வேண்டும். ஜெல்லைச் சீக்கிரம் இறுக வைக்கும் டிபிஓ என்ற இன்னொரு பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அங்கே தடையே செய்துவிட்டார்கள். ஆன்லைனில் மலிவாக ஜெல் கிட் வாங்கி ஹாஸ்டல் அறையில் ஒருவருக்கொருவர் போட்டுவிடுகிறீர்களே, அதை முதலில் விடுங்கள். இதில் வெயிலுக்கும் ஒரு பங்கு உண்டு. ஜன்னலோரம் உட்கார்ந்து ஜெல் பாட்டிலைத் திறந்தால், வெயிலிலுள்ள யூவி பட்டுப் பிரஷ்ஷிலேயே ஜெல் இறுகத் தொடங்கிவிடும்.

கேள்வி: வெயிலில் பாலிஷ் பாட்டில் கெட்டியாகிவிடுகிறது. பூசினால் குமிழ் குமிழாக வருகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, வேலூர்

பதில்: ஸ்கூட்டி சீட்டுக்கு அடியில் வைக்காதீர்கள். பாலிஷை இளக்கமாக வைத்திருக்கும் திரவம் சூட்டில் பறந்துவிடும், தீப்பற்றும் பொருளும்கூட. அலமாரியில் இருட்டான இடத்தில் நிற்க வையுங்கள். கெட்டியானால் ரிமூவர் ஊற்றிக் கலக்காதீர்கள், பாலிஷ் தின்னர் இரண்டு சொட்டு போதும். பாட்டிலைக் குலுக்கினால் காற்று புகுந்து குமிழ் வரும். உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து உருட்டுங்கள். மெல்லிய கோட்டாகப் பூசி, ஃபேனைக் குறைத்துவிட்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவே ஐந்து நிமிடம் விடுங்கள். வியர்த்த நகத்தில் பூசவே பூசாதீர்கள்.

கேள்வி: முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வாரம் ஊரில் வெயிலில் அலைந்தேன். நாலைந்து நகங்கள் நுனியிலிருந்து வெள்ளையாகப் பிரிகின்றன, வலிக்கிறது. பாலிஷ் அலர்ஜியா? நகத்தில் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கின்றன. கால்சியமோ பயோட்டினோ சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, தென்காசி

பதில்: மாத்திரையின் பெயரை எழுதவில்லையே. டாக்ஸிசைக்ளின் என்றால், பாலிஷைச் சந்தேகிப்பதற்கு முன்னால் அதைச் சந்தேகிக்க வேண்டும். அந்த மருந்து சாப்பிடும்போது கடும் வெயில் பட்டால் சிலருக்கு நகம் படுக்கையிலிருந்து பிரியும். வெயில் நேரடியாக நகத்தைக் கெடுக்கும் சில சந்தர்ப்பங்களில் இது ஒன்று. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த வாரமே நகத்தைக் காட்டுங்கள். அதுவரை நகத்தை ஒட்ட வெட்டி வைத்து, வெயிலில் கையை மூடிக்கொண்டு போங்கள்.

வெள்ளைப் புள்ளி கால்சியக் குறைவால் வருவதில்லை. நகம் உருவாகும் அடிப்பகுதியில் எப்போதோ பட்ட சின்ன இடி, வளர்ந்து மேலே வந்து வெள்ளையாகத் தெரிகிறது. நகத்தின் கெட்டித்தன்மைக்கும் கால்சியத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. கெரட்டின் என்ற புரதத்திலுள்ள கந்தகப் பிணைப்புகள்தான் அதைக் கெட்டியாக வைத்திருக்கின்றன. பயோட்டினை மிட்டாய் மாதிரி சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அது தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையையும் தப்பாகக் காட்ட வைக்கலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே சொல்லியிருக்கிறது. சாப்பிடுவதாக இருந்தால் ரத்தம் கொடுக்கும்முன் சொல்லிவிடுங்கள். நகம் வெளுத்து, நடுவில் குழிந்து கரண்டி மாதிரி ஆனால் ரத்தசோகையைப் பாருங்கள். நம் பெண்களுக்கு அதுதான் அதிகம். ஒரே ஒரு விரலில் புதிதாகக் கறுப்புக் கோடு தோன்றி அகலமாகிக்கொண்டே போனால் தோல் மருத்துவரிடம் போங்கள். எப்போதும் பாலிஷ் போட்டே இருப்பவர்களுக்கு இது எதுவும் கண்ணில் படாது. நகம் ‘மூச்சு விட’ வேண்டும் என்று சொல்வது கதை, அதற்கு வேண்டியதெல்லாம் ரத்தத்திலிருந்து வருகிறது. இருந்தாலும் மாதத்தில் ஒரு வாரம் பூச்சில்லாமல் விடுங்கள் என்று நான் சொல்வது, நீங்கள் உங்கள் நகத்தைப் பார்ப்பதற்காக.

கேள்வி: எனக்கு வயது 63. பேத்தி ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் ஆயிரம் ரூபாய் கொடுத்து நகத்துக்குப் பூசிக்கொண்டு வருகிறாள், ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடுகிறது. நாங்கள் மருதாணி வைத்தோம், என்ன குறைந்துவிட்டது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: ஒன்றும் குறையவில்லை அம்மா. மருதாணியின் நிறம் நகத்தின் கெரட்டினோடு போய் ஒட்டிக்கொள்கிறது, மேலே ஏடாக நிற்பதில்லை. அதனால் தூக்குவதற்கு ஓரம் கிடையாது, சந்தில் தண்ணீர் ஏறாது, சாம்பார் மஞ்சளும் தெரியாது. உள்ளங்கையில் இரண்டு வாரத்தில் மங்கிவிடும். நகத்தில் வளர்ந்து வெட்டும்வரை இருக்கும். பேத்திக்கு ஒரே நிறம் அலுக்கும், அதுதான் சிக்கல். நுங்கும் மாம்பழமும் தண்ணீரும் புழங்கும் மே மாதத்துக்கு என் ஓட்டு மருதாணிக்குத்தான், பார்லர் நடத்துகிறவள் இதைச் சொல்லக் கூடாது என்றாலும்.

இலையைப் பறித்து அரைத்து வையுங்கள். கடையில் கோன் வாங்கினால், அரை மணி நேரத்தில் கறுப்பாகப் பிடிக்கும் என்று போட்டிருப்பதை வாங்காதீர்கள். மருதாணி கறுப்பாகப் பிடிக்காது. அதில் தலைமுடிச் சாயத்தில் போடும் பிபிடி என்ற ரசாயனம் கலந்திருக்கலாம், கை கொப்பளித்துவிடும்.